எழுபதாம் பக்கத்தில் நின்ற நாவல்

ஒரு வாசகி எனக்கு எழுதிய கேள்வி சுருக்கமாக இதுதான்: "வயது 35. விருதுநகரில் வங்கி வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். மூன்று சிறுகதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. பாட்டியும் அம்மாவும் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸை (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வைத்து நாவல் தொடங்கினேன். 70 பக்கம் வந்து எட்டு மாதமாக அப்படியே நிற்கிறது. படித்துப் பார்த்த ஒருவர் நடை சலிப்பாக இருக்கிறது என்றார். ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு எழுதலாமா?"

வேலையை விடாதீர்கள். உங்கள் நாவல் நின்றதற்கும் வேலைக்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்துக்கொண்டே மூன்று நாவல் எழுதினேன். நடுவில் ஒருமுறை சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் எழுதியது 30 பக்கம். நாள் முழுக்க நம்முடையதுதானே என்று பத்து மணிக்கு உட்காருவேன். பதினொன்றுக்கு யாராவது வருவார்கள். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மாதக் கடைசியில் பணக் கவலை வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த வாரமே போய்விடும். வேலைக்குத் திரும்பி நாலு மாதம் கழித்துத்தான் அந்த நாவல் மறுபடி நகர ஆரம்பித்தது.

நாவல் நிற்பது கற்பனை வற்றிப்போவதால் அல்ல. இன்று எழுதியதற்கும் அடுத்து எழுதப்போவதற்கும் நடுவில் உள்ள தொடுப்பு அறுந்துபோவதால் நிற்கிறது. உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். சனி ஞாயிறு மட்டும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்து நாள் கழித்து உட்காரும்போது அந்தத் தெரு, அந்த வீட்டின் வெளிச்சம், யார் யாரிடம் என்ன கோபத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் மனதிலிருந்து போயிருக்கும். அதை மீட்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு சனிக்கிழமை கல்யாண வீடு என்று தவறினால் பதினைந்து நாள் இடைவெளி. அப்புறம் நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கும்.

சிறுகதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எழுத்தாளர் காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதே மனிதர் தொடங்கிய மூன்று நாவல்களும் முடிக்கப்படாமலே நின்றன. அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் இரவின் வேகத்தை நம்பி நாவலுக்குள் போக முடியாது. நீங்கள் மூன்று கதைகளையும் அப்படி ஒரு வேகத்தில் எழுதியிருப்பீர்கள். அதே வேகத்தை நாவலிலும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்டனி டிரோலோப் என்றொரு நாவலாசிரியர் இருந்தார். தபால் துறையில் பல வருடம் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல்களை விட்டுச்சென்றவர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிவிடுவதற்காகவே வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். இதையெல்லாம் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 1883இல் அது வெளிவந்தது. எழுத்தாளர்கள் அவரைப் பற்றிப் பேசினால் இந்த 250 சொல் கணக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. எழுத உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் அவர் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார், அது காதில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் புதிதாக எழுதத் தொடங்குவார். மூன்று மணி நேரத்தில் அரை மணியைத் தொடுப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்.

உங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைக்காது. 45 நிமிடம் கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை, பிள்ளைகள் எழுவதற்கு முன்னால். முதல் பத்து நிமிடம் நேற்று எழுதியதை வாய்விட்டு, சத்தம் வெளியே போகாத அளவுக்குப் படியுங்கள். அடுத்த 30 நிமிடம் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடம் எழுத வேண்டாம். நாளை எங்கே தொடங்குவது என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். உங்கள் நாவலில் ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வருகிறதே, அதை வைத்துச் சொன்னால்: "வேன் கிளம்பியாச்சு. சின்னவள் தூக்குச்சட்டியை விட்டுட்டுப் போயிட்டாள். அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?" இவ்வளவு போதும். வீட்டில் இரவு உறைமோர் எடுத்து வைக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். அது இல்லாவிட்டால் மறுநாள் பால் நிறைய இருந்தும் தயிர் இருக்காது.

காட்சி முழுதாக முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். நன்றாகப் போகிறது, அடுத்த வாக்கியம் என்ன என்று தெரிகிறது என்கிற இடத்தில் பேனாவை மூடுங்கள். முதல் வாரம் இது கஷ்டமாக இருக்கும். பிறகு பஸ்ஸில் போகும்போதும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பாதி வாக்கியம் உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனிப்பீர்கள். நாவலின் பெரும் பகுதி அப்படித்தான் உருவாகிறது, மேசையில் அல்ல.

வங்கியில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் எழுதுவதாகத் திட்டமே போடாதீர்கள். ஆனால் நோட்டைத் தினமும் திறந்து ஒரு பக்கம் படித்து மூடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் கோயில் கொடை என்று வரும் நாட்களுக்கும் இதேதான். எழுதாமல் ஒரு மாதம் போகலாம், தொடாமல் மூன்று நாள் போகக்கூடாது.

வீட்டு விஷயம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொன்னீர்கள், அவர்கள் உங்களை எழுத விடுகிறார்களா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் பெண்களுக்கு அதுதான் பாதிப் பிரச்சினை. கவிஞர் சல்மா வீட்டார் தூங்கிய பிறகு கழிவறைக்குள் இருந்து எழுதியதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நிலைமை அவ்வளவு இறுக்கம் இல்லை என்று நம்புகிறேன். ஆனாலும் "சும்மா ஏதோ எழுதிக்கிட்டிருக்கா" என்று வீடு நினைக்கும்வரை உங்கள் 45 நிமிடம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கும். பால் பாக்கெட் எடுக்கச் சொல்வார்கள், சாவி எங்கே என்பார்கள். ஒளித்து ஒளித்து எழுதாதீர்கள். மாமியாரிடமும் கணவரிடமும் நேரடியாகச் சொல்லுங்கள்: ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை நான் நாவல் எழுதுகிறேன், அதுவரை என்னைக் கூப்பிட வேண்டாம். "நாவல்" என்ற சொல்லையே சொல்லுங்கள். நான் அந்தச் சொல்லை வீட்டில் உச்சரிக்க ஆறு வருடம் ஆனது. சொன்ன பிறகு என் மாமியார் கேட்டது, "அதுல நான் வர்றேனா?" என்றுதான். அதற்கப்புறம் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனதே அவர்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை இரவில் இருக்கிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். போனை அடுக்களையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுங்கள். தூக்கத்தைக் குறைத்து எழுதியவை எதையும் நான் கடைசிப் பிரதியில் வைத்துக்கொண்டதில்லை.

சரி, நடைக்கு வருவோம். சலிப்பாக இருக்கிறது என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தொனியில் நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"மாரியம்மாள் கதவைத் திறந்தாள். வெளியே பார்த்தாள். வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் தன் மகளை எழுப்பினாள். அவளுடைய முகத்தைக் கழுவினாள். ஒரு தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்தாள்."

தமிழில் வினை கடைசியில் வருகிறது. கடந்த காலத்தில் கதை சொன்னால், கவனிக்காவிட்டால், ஒவ்வொரு வாக்கியமும் ஆள், ஆள், ஆன், அது என்றே விழும். ஒரே இடத்தில் சுத்தியல் அடிப்பது போல இருக்கும். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை, தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் தாண்டவேண்டிய இடம். தாண்டுவதற்கு மொழியிலேயே வழி இருக்கிறது:

"வேன் வந்துவிட்டது. கதவைத் திறந்த கையோடு மகளை எழுப்பி, அவள் தூக்கத்திலேயே நிற்க முகத்தைக் கழுவிவிட்டு, தூக்குச்சட்டியைக் கையில் திணித்தாள் மாரியம்மாள். இன்னும் நல்ல இருட்டு."

என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். எழுப்பி, கழுவிவிட்டு என்று எச்சங்கள் வந்து அவசரத்தை ஒரே ஓட்டமாக ஆக்கிவிட்டன. மாரியம்மாள் என்ற எழுவாய் ஒரு முறைதான் வருகிறது, அதுவும் வினைக்குப் பின்னால். கடைசி வாக்கியத்தில் வினையே இல்லை. "அவள் தன்", "அவளுடைய", "ஒரு" எல்லாம் போய்விட்டன. தமிழ் அவற்றைக் கேட்பதே இல்லை, மொழிபெயர்ப்புகள் நிறையப் படித்து நமக்கு ஒட்டிக்கொண்டவை அவை. "கொண்டிருந்தாள்" என்பதையும் உங்கள் பிரதியில் தேடிப் பாருங்கள். உண்மையாகவே நீண்டு நடக்கிற செயலுக்கு மட்டும் வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் நாவலுக்கென்றே சொல்ல வேண்டியது. தினமும் அதேபோல நடந்த பழைய வாழ்க்கையைச் சொல்ல, தமிழ் எதிர்கால வினையைத் தருகிறது. "நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். வாசலில் ஹாரன் கேட்கும். யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்." இது நாளைக்கு நடக்கப்போவது இல்லை, வருடக்கணக்காக நடந்தது. ஆபீஸ் வாழ்க்கையின் ஒரே மாதிரியான நாட்களை இந்த வினையில் சொல்லிக்கொண்டே வந்து, ஏதாவது ஒன்று உடைகிற அந்த ஒரு நாளுக்குக் கடந்த காலத்துக்கு மாறுங்கள். "அன்று வேன் வரவில்லை." வாசகருக்கு உடனே உறைக்கும்.

அப்புறம் அவள், அவர், அவன். கதைசொல்லி பாட்டியை "அவள்" என்கிறாளா, "அவர்" என்கிறாளா? நீங்கள் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் இளமைக் காலம் "அவள்", பேத்தி பார்க்கும் காலம் "அவர்" என்று முடிவு செய்தால் அது அழகாகவே நிற்கும், ஆனால் முடிவு செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. முதலாளி "வந்தார்", அதே வயதுள்ள வேன் டிரைவர் "வந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கதாபாத்திரம் அப்படிச் சொன்னால் அது அந்த மனிதரின் குணம். கதைசொல்லி சொன்னால் அது உங்கள் தீர்ப்பு. சாதியும் கூலியும் பார்த்து விகுதி போடுகிற பழக்கம் நமக்கெல்லாம் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது, நம்மை அறியாமல் பேனாவில் இறங்கிவிடுகிறது. தொழிலாளிகளைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுகிற ஒருவர் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரையாடலில் வட்டார வழக்கு. உங்கள் மண்ணுக்கு இதில் பெரிய முன்னோடி இருக்கிறார். கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன் 35 வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். கரிசல் சொற்களுக்குத் தனியாக ஓர் அகராதியே தொகுத்தார். சொல்லைச் சேகரிப்பது அவருக்கு எழுத்துக்கு வெளியே இருந்த வேலை இல்லை. நீங்களும் ஒரு நோட்டில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார், கோபத்தில் என்ன சொல்வார், எந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார் என்று எழுதுங்கள். உறவுச் சொல்லில் கவனம் வேண்டும். திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி, செட்டிநாட்டில் அதே சொல் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. பேச்சு முழுவதையும் ஒலிக்கு ஒலி எழுதிவிடாதீர்கள், படிப்பவர் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். "வாராக, போறாக" மாதிரி நாலைந்து அடையாளங்களை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை மாறாமல் வைத்தால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

இனி அந்த 70 பக்கம். அதைத் திருத்தாதீர்கள். எட்டு மாதத்தில் முதல் அத்தியாயத்தை ஐந்து முறை மாற்றி எழுதியதாகச் சொல்கிறீர்கள். தொடுப்பு அறுந்தவர்கள் எல்லோரும் செய்வது அதுதான், தெரிந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவது. மேலே சொன்ன நடைத் திருத்தம்கூட 71ஆம் பக்கத்திலிருந்துதான். பழையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தில் பாதி எப்படியும் போய்விடும்.

கையால் எழுதினாலும் போனில் தட்டினாலும் ஒன்றுதான். ஆனால் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். கணினி பழுதாகி 40 பக்கம் இழந்திருக்கிறேன். நினைவிலிருந்து திரும்ப எழுதியதில் பழைய உயிர் வரவில்லை.

எழுதி முடிக்கும்வரை யாரிடமும் காட்ட வேண்டாம். முடித்த பிறகு இரண்டே பேர். ஒருவர் நாவல் படிக்கிறவர், இன்னொருவர் தீப்பெட்டி ஆபீஸை உள்ளிருந்து அறிந்தவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அதுபோல ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே தேதி வைக்காதீர்கள். அந்த அவசரத்தில் கடைசி 50 பக்கம் ஓடி முடிந்த நாவல்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. உங்கள் பக்கங்களில் தீப்பெட்டித் தொழிலின் வரலாறு இருக்கிறது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தது, 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் எல்லாம் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் யாரும் எழுதிவிடலாம். அந்தச் சட்டம் உங்கள் பாட்டியின் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். சின்னப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று யார் வந்து சொன்னார்கள்? அன்று வீட்டில் சந்தோஷமா, ஒரு கூலி போச்சே என்ற கவலையா?

தொழிலின் நுணுக்கத்தையும் இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். இது தெரிந்தால்தான் மருந்து முக்குகிற இடத்தில் இருந்த பயம் ஏன் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்களுக்கு இல்லை என்பது புரியும். நாவலில் அந்தப் பெயர்கள் வர வேண்டியதில்லை. மருந்து அறையிலிருந்து வருகிறவரின் கையும் சேலையும் எப்படி இருக்கும் என்பது வந்தால் போதும். நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும் நீலகிரி மலையில் வாழும் படகர் இன மக்களையும் பற்றி எழுதும்போது அந்தந்த இடத்துக்குப் போய், மனிதர்களிடம் பழகித் தெரிந்துகொண்டுதான் எழுதினார். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாட்டி சாத்தூரில் இருக்கிறார், 79 வயது, நினைவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். என் இரண்டாவது நாவலில் வரும் நெசவு வீட்டைப் பற்றி எங்கள் அப்பத்தாவிடம் கேட்க ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன், முதல் பிரதி முடியட்டும் என்று. பிரதி முடிந்தபோது அப்பத்தா இல்லை. அந்தக் கேள்விகள் இன்னும் அந்த நோட்டில் இருக்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் பாட்டியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கைக்கு வேலை கொடுங்கள். ஒரு பழைய அட்டையை நீட்டி, பெட்டி எப்படி மடித்து ஒட்டுவீர்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். பசையை எதில் காய்ச்சினீர்கள், பிள்ளைகள் அதை எடுத்துத் தின்னாமல் இருக்க என்ன செய்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி), கணக்கு எழுதியது யார், அவர் குறைத்து எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். வேன் எத்தனை மணிக்கு வரும், ஜன்னலோரம் யார் உட்காருவார்கள் என்று அவரிடம் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே சம்பவத்தை வேறு வேறாகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருங்கள். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு 71ஆம் பக்கத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.